தென்கிழக்கே ஒரு வயதான சாட்டிலைட்

ரிஷிவந்தியத்து மாடிகளில் இலவச டிஷ் மாட்டியிருப்பவர்கள் கவனித்திருப்பார்கள்: அவை எல்லாம் தென்கிழக்கே அண்ணாந்து நிற்கும். டிடி ஃப்ரீ டிஷ் சேனல்களைத் தரும் ஜிசாட்-15 அந்தப் பக்கத்தில்தான், நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. 2015 நவம்பரில் ஏவப்பட்டது. குறித்த ஆயுள் 12 ஆண்டு. கணக்குப்படி 2027-இல் கெடு.

மழையில் படம் கட்டம் கட்டமாக உடைந்தால், "சாட்டிலைட்டுக்கு வயசாகிடுச்சு" என்று ஒரு தீர்ப்பு வந்துவிடும். குற்றவாளி சாட்டிலைட் அல்ல, மழைத்துளி. டிஷ்ஷுக்கு வரும் கேயு அலைவரிசைச் சிக்னலை அது உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகிறது. மேற்கே கல்வராயன் மலையில் எவ்வளவு கொட்டினாலும் கவலையில்லை. ஊர்த் தலைக்கு மேல் மேகம் வந்தால்தான் தகராறு. மழை விட்டதும் படம் தெளிகிறதே, அதற்குள் சாட்டிலைட்டுக்கு வயது குறைந்துவிட்டதா என்ன?

பாகங்கள் தேய்ந்துதான் சாட்டிலைட் ஓய்கிறது என்பதும் பாதி உண்மைதான். சூரியத் தகடும் ஒளிபரப்புக் கருவியும் நன்றாக இருக்க, தொட்டி மட்டும் காலியாவது அடிக்கடி நடக்கிறது. சுற்றிக்கொண்டிருக்க எரிபொருள் தேவையில்லை. நின்ற இடத்தில் நிற்கத்தான் தேவை. சூரியனும் சந்திரனும் இழுக்கிற இழுப்பில் சுற்றுப்பாதை ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு பாகை சாய்கிறது. அதை நிமிர்த்துவதிலேயே, இடத்தில் நிறுத்தும் எரிபொருளில் பெரும்பகுதி போய்விடும். நிமிர்த்தாமல் விட்டால், சாட்டிலைட் நாள்தோறும் வானத்தில் மெலிந்த 8 போட ஆரம்பிக்கும். மாடியில் போல்ட் போட்டு முறுக்கிய டிஷ் அதன் பின்னால் திரும்புமா? சில நிறுவனங்கள் வயதான சாட்டிலைட்டை வேண்டுமென்றே அப்படி ஆடவிட்டு எரிபொருளை மிச்சப்படுத்துகின்றன. திரும்பிப் பின்தொடரும் ஆன்டெனா வைத்திருப்பவர்களுக்கு அது போதும். ஆயுளை நீட்டிக்கும் மலிவான வைத்தியம் இதுதான்.

தொட்டி காலியானால் என்ன ஆகும் என்பதை இந்தியா முதலிலேயே பட்டுத் தெரிந்துகொண்டது. 1982 ஏப்ரலில் போன இன்சாட்-1ஏ, எரிபொருள் தீர்ந்து, இரண்டு ஆண்டுகூட நிறைவு செய்யாமல் கைவிடப்பட்டது.

"அப்படியானால் மேலே போய் ஊற்றிவிட்டு வரலாமே!" முடியாது. தொட்டியைத் தரையிலேயே நிரப்பி, ஊற்றும் வால்வை மூடி, கம்பி கட்டி, மேலே வெப்பக் காப்புப் போர்வையும் போர்த்தி அனுப்பிவிடுகிறார்கள். மறுபடி திறப்பதாகத் திட்டமே இல்லை. திட்டமிட்டுச் செய்த இடத்தில் மட்டும் இது பழைய வித்தை: 1978-இலேயே சோவியத்தின் புராக்ரஸ் கலம் சல்யூட்-6 நிலையத்துக்கு எரிபொருள் நிரப்பியது. 2007-இல் அமெரிக்காவின் ஆர்பிட்டல் எக்ஸ்பிரஸ் சோதனையில், மனிதர் யாரும் இல்லாத இரண்டு சாட்டிலைட்டுகள் அதைச் செய்துகாட்டின.

வால்வே கிடைக்காத கிழட்டு சாட்டிலைட்டுக்கு நார்த்ராப் க்ரம்மன் நிறுவனம் வேறு வழி கண்டது. 2020 பிப்ரவரி 25 அன்று அதன் எம்இவி-1 கலம், 2001-இல் ஏவப்பட்ட இன்டெல்சாட் 901-ஐப் பிடித்தது. ஒரு சொட்டு எரிபொருளும் கைமாறவில்லை. எஞ்சினின் புனல் வாய்க்குள் ஒரு தண்டை விட்டு, உள்ளே அதை விரித்துப் பூட்டி, முதுகில் ஒட்டிக்கொண்டு தன் எஞ்சினாலேயே தள்ளியது. மாடு சோர்ந்த வண்டிக்குப் பின்னால் டிராக்டரைக் கட்டியது போல. பூட்டிக்கொண்ட இடம், ஓய்வு பெற்றவற்றைச் சுமார் 300 கி.மீ. மேலே ஒதுக்கும் இடுகாட்டுப் பாதை. அங்கிருந்து இறக்கி மறுபடி வேலைக்கு அனுப்பினார்கள்.

இஸ்ரோவும் எரிபொருள் நிரப்பிக் காட்டிவிட்டதாக ஒரு பேச்சு உண்டு. இன்னும் இல்லை. 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் சாட்டிலைட் ஜோடி, தலா 220 கிலோ, 2025 ஜனவரி 16-இல் இணைந்தது. ஏப்ரலில் மீண்டும் இணைந்தபோது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் பாய்ந்தது. கைமாறியது கரன்ட் மட்டுமே. ஆனாலும் இதைச் சின்ன விஷயமாகத் தள்ள முடியாது. நெருங்கிப் பிடிக்கத் தெரியாதவருக்கு ஊற்றவும் வராது.

எரிபொருள் எல்லா நோய்க்கும் மருந்தும் அல்ல. 2016-இல் ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ சாட்டிலைட் வழிகாட்டும் வேலையை இழந்தது அணுக் கடிகாரங்கள் நின்றுபோனதால். தொட்டியை நிரப்பினால் கடிகாரம் ஓடாது.

இன்டெல்சாட் 901-க்கும் அந்தத் துணை நிரந்தரமாக இருக்கவில்லை. 2025 ஏப்ரலில் எம்இவி-1 அதைத் திரும்ப இடுகாட்டில் விட்டுப் பூட்டைக் கழற்றிக்கொண்டு, அடுத்த வாடிக்கையாளரிடம் புறப்பட்டது.