மண் இல்லாமல் ஒரு செடி

கோலார் தங்கவயலில் மைசூர் மைன்ஸ் பகுதி. அங்கே ஒரு லைன் வீடு. அந்த வீட்டுப் பேத்திக்கு மணி பிளான்ட் வளர்க்க ஆசை. தொட்டிக்கு மண் வேண்டும். வீட்டு ஓரம் தோண்டினாள். கல்தான் வந்தது. சயனைடு மேட்டிலிருந்து ஒரு வாளி அள்ளி வந்தாள். பார்க்க நல்ல மணல் போலவே இருந்தது.

கொடியை நட்டாள். தினமும் தண்ணீர் ஊற்றினாள். ஒரு மாதத்தில் இலை மஞ்சளானது. பிடுங்கிப் பார்த்தாள். வேர் கறுத்து அழுகியிருந்தது.

"ஆயா, தண்ணி தவறாம ஊத்தினேனே. ஏன் செத்துப்போச்சு?"

"அது மண்ணு இல்லடி. மில்லுல அரைச்ச கல்லு மாவு. தண்ணி ஊத்தினா களியாட்டம் இறுகிப்போவும். சுரங்கத்துல காத்து வராத இடத்துல உன் தாத்தா நிப்பாரா? வேரும் அப்படித்தான்."

ஆயா சொன்னது சரி. இங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அவ்வளவு ஆழத்துக்கும் காற்றை அனுப்பித்தான் வேலை நடந்தது. மேலே வந்த கல்லை மாவாக அரைத்தார்கள். சயனைடு கலந்த நீரில் தங்கத்தைக் கரைத்துப் பிரித்தார்கள். மிச்ச மாவு மேடு மேடாகக் குவிந்தது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. மேடுகள் அப்படியே நின்றன. காற்று அடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வரும். அதில் செடிக்குச் சத்து இல்லை. உடம்புக்கு ஆகாத பொருள்களும் உண்டு. அதைத் தொட்டியில் போடாதீர்கள். பாத்திரமும் தேய்க்காதீர்கள்.

அப்படியானால் மண்ணுக்கு எங்கே போவது? மண் இல்லாமலும் செடி வளரும். வேருக்குத் தண்ணீர், காற்று, சத்து, பிடிமானம் ஆகிய நான்கும் வேண்டும். இவற்றை வேறு வழியிலும் கொடுக்கலாம். 1946-ல் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் வங்காளத்தில், காலிம்போங் பகுதியில் இந்த வேலையைத் தொடங்கினார். கல் துண்டும் மணலும் போட்டு, சத்தும் நீரும் கொடுத்துப் பயிர் வளர்த்தார். அதற்கு வங்காள முறை என்றே பெயர் வந்தது.

நம் வீட்டுக்குச் செங்கல் துண்டு போதும். சுண்டைக்காய் முதல் நெல்லிக்காய் அளவுக்கு உடையுங்கள். சிமெண்டோ சுண்ணாம்போ ஒட்டிய செங்கல் வேண்டாம். கழுவும் நீர் தெளியும் வரை கழுவுங்கள். ஒரு இரவு ஊறப் போடுங்கள்.

பழைய பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டுங்கள். அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், பக்கவாட்டில் ஒரு சிறு துளை போடுங்கள். துளை அடியில் இருக்கக் கூடாது. அடியில் கொஞ்சம் நீர் எப்போதும் தங்க வேண்டும். செங்கலை நிரப்பி, கணு உள்ள கொடித்துண்டை நடுங்கள். துளை வழியே வழியும் வரை நீர் ஊற்றுங்கள்.

விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, செங்கல் நீரை மேலே இழுக்கும். துண்டுகளுக்கு நடுவே உள்ள சந்தில் காற்று இருக்கும். வேருக்கு இரண்டும் கிடைக்கும்.

மண்ணில் வளர்ந்த செடியையும் மாற்றலாம். மண் முழுவதையும் கழுவ வேண்டும். பழைய வேர் கொஞ்சம் அழுகும். செடி சில வாரம் வாடியே நிற்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கொடித்துண்டே சுலபம்.

செங்கலில் சத்து இல்லை. நீரில் கரையும் 19:19:19 உரம் கடையில் கிடைக்கும். துளிர் வந்த பிறகு, ஒரு லிட்டர் நீரில் இரண்டு சிட்டிகை கரைத்து ஊற்றுங்கள். அதிகம் போட்டால் வேர் கருகும். உரத்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

போர் தண்ணீரில் உப்பு அதிகம். செங்கல் மேல் வெள்ளையாகப் பூக்கும். மாதம் ஒரு முறை மேலிருந்து நீர் ஊற்றி அலசி, பழைய நீரைக் கவிழ்த்து விடுங்கள். மழைநீர் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. மூடி வையுங்கள், கொசு வரும். பாட்டிலிலும் நீர் செங்கலுக்கு மேல் தெரியக் கூடாது.

பேத்தி இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறாள். வெளிச்சம் பட்டால் உள்ளே பாசி பிடிக்கும் என்று பாட்டிலைச் சுற்றிக் காகிதம் கட்டியிருக்கிறாள். ஆயா மட்டும் தினமும் காகிதத்தை விலக்கி, வெள்ளை வேர் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று பார்க்கிறாள்.