ஹம்மிங் பறவைக்குக் கட்டுச்சோறு

ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரை, அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களிலிருந்து செந்தொண்டை ஹம்மிங் பறவைகள் தெற்கே கிளம்பும். சுமார் 3 கிராம் எடையுள்ள பறவை, மெக்சிகோ வளைகுடாவைத் தாண்டுமுன் ஏறக்குறைய இரு மடங்காகக் கொழுக்க வேண்டும். தோட்டத்தில் தீனிக் குப்பி தொங்கவிட இதுவே நல்ல சமயம்.

ஒரு கப் வெள்ளைச் சர்க்கரைக்கு 4 கப் தண்ணீர். கரைத்து, ஆறியபின் ஊற்றுங்கள். சத்து என்று நினைத்து நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி போடாதீர்கள். அவற்றிலுள்ள இரும்புச்சத்து இந்தப் பறவைக்கு ஆகாது. தேன் கரைசலில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். சிவப்புச் சாயமும் வேண்டாம், குப்பியின் சிவப்பு நிறமே போதும்.

வெயில் கடுமையென்றால் தினமும், இல்லாவிட்டால் 2, 3 நாளுக்கொரு முறை குப்பியை வெந்நீரில் தேய்த்துக் கழுவிப் புதிதாக நிரப்புங்கள். கலங்கியிருந்தால் யோசிக்காமல் கொட்டுங்கள். இந்த வேலைக்குச் சோம்பல் படுபவர்கள் பேசாமல் குப்பிக்குப் பதில் சால்வியா பூச்செடி வைக்கலாம்.

எறும்பு வந்தால் குப்பிக்கு மேலே தண்ணீர்க் கிண்ணம் மாட்டுங்கள். எண்ணெய் தடவாதீர்கள், இறகில் ஒட்டிவிடும். ஒரே பறவை மற்றவற்றை விரட்டுகிறதா? இன்னொரு குப்பியை அதன் கண்ணில் படாதபடி வீட்டின் மறுபக்கம் மாட்டுங்கள்.

தீனி வைத்தால் பறவை ஊர் போகாமல் தங்கிவிடும் என்பது வீண் பயம். பகல் குறைவதே அதற்குப் புறப்படும் அறிகுறி. கடைசிப் பறவையைப் பார்த்து இரண்டு வாரம் கழித்துக் குப்பியை இறக்குங்கள். லூசியானா கடலோரத்தில் இருப்பவர்கள் இறக்கவே வேண்டாம். செம்பழுப்பு ஹம்மிங் பறவைகள் சில அங்கே குளிர்காலம் கழிக்க வரும்.