பாட்டியின் காலமும் பிள்ளைகளின் காலக்கோடும்

வரலாறு என்றால் தலைவர்களும் தேதிகளும்தான் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் பயின்ற நானும் 1941, 1957, 1963 என்று மனனம் செய்தவள்தான். அந்த ஆண்டுகளில் நம் வீட்டார் எங்கே இருந்தார்கள் என்று எந்தத் தேர்வும் என்னைக் கேட்டதில்லை. 2014 முதல் நான்காம் ஆண்டிலேயே வரலாறு தனிப் பாடமானது. தம்பி தங்கைகளுக்கும் டியூஷன் பிள்ளைகளுக்கும் குடும்பக் காலக்கோடு வரைய நாம் துணைநிற்கலாம்.

செய்முறை

இரண்டு மணிலா அட்டைகளை நீளவாக்கில் ஒட்டி, நடுவே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பத்தாண்டுக்குப் பிள்ளையின் கையால் ஒரு சாண். கோட்டுக்கு மேலே நாட்டில் நடந்தவை. கீழே வீட்டில் நடந்தவை. பிள்ளை பிறந்த ஆண்டிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும்.

கேட்கும் முறை

பெரியவர்களிடம் “எந்த வருஷம்?” என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. “ஜப்பான்காரன் காலத்துல”, “தோட்டத்தைத் துண்டு போட்டப்போ”, “சின்னவன் கைப்பிள்ளையா இருந்தப்போ” என்றுதான் சொல்வார்கள். ஆகவே ஜப்பானியர் ஆட்சி (1941 டிசம்பர் முதல் 1945 வரை), அவசரகாலம் (1948 முதல் 1960 வரை), சுதந்திரம் (1957) ஆகியவற்றை முன்கூட்டியே மேலே குறித்துவிட வேண்டும். பாட்டி சொல்வதை அவற்றுக்கு முன்னா பின்னா என்று பிள்ளையே பொருத்திப் பார்க்கும். அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்களும் உதவும். அவை பிறந்த தேதியைக் காட்டுபவை.

ஓர் எடுத்துக்காட்டு

என்னிடம் படிக்கும் பத்து வயது மாணவி ஒருத்தி தன் கொள்ளுப் பாட்டியிடம் கேட்டு வந்தாள். “அப்பா சயாமுக்குப் போனப்ப நான் அம்மா வயித்துல” என்றாராம் பாட்டி. சயாம் ரயில் பாதை வேலை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டனர். அப்படியானால் பாட்டி 1943 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். அடையாள அட்டையோ 1945 என்கிறது. இரண்டையும் கேள்விக்குறியோடு எழுதச் சொன்னேன்.

பிறகு அவள் கேட்டாள்: “அக்கா, அவர் திரும்பி வந்ததை எங்கே ஒட்டுறது?” அவர் திரும்பவில்லை. கடிதமும் இல்லை, கல்லறையும் இல்லை. நான் அந்த இடத்தை வெறுமையாகவே விடச் சொன்னேன். அவள் ஒரு புள்ளிக்கோடு போட்டு, “பாட்டி இன்னும் நினைக்கிறார்” என்று எழுதினாள்.

நண்பர்களே, தெரியாத ஆண்டை நாமே நிரப்பிக் கொடுக்கக் கூடாது. பெரியவர் சொல்லத் தயங்கினால் வற்புறுத்தவும் கூடாது. யார் சொன்னது, எந்த நாளில் சொன்னது என்று அட்டையின் பின்புறம் எழுத வையுங்கள். ஜப்பான் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அடுத்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது ஒரு மணிலா அட்டையை வாங்கிச் செல்லுங்கள்.