டியூப்பில் பால் குடிக்கும் பிள்ளையுடன் தூரப் பயணம்



வாயால் பால் குடிக்க முடியாமல் டியூப் வழியாகப் பால் குடிக்கும் பிள்ளைகள் நம்முடைய தோட்டங்களிலும் இருக்கிறார்கள். சிலருக்கு மூக்கு வழியாக வயிறு வரைக்கும் மெல்லிய டியூப் போட்டிருக்கும். சிலருக்கு வயிற்றிலேயே சின்னத் துளை வைத்து டியூப் போட்டிருக்கும். மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை, விழுங்கும்போது புரையேறும் பிள்ளை, மூளை வாதம் உள்ள பிள்ளை, இருதய வருத்தத்தால் பால் உறிஞ்சக் களைக்கும் பிள்ளை என்று காரணங்கள் பல. இது கண்ணூறும் இல்லை, யாருடைய பாவமும் இல்லை.

"டியூப் போட்டாலே கடைசிதான்" என்று லயத்தில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அது தவறு. வயிற்றைப் பெரிதாக வெட்டாமல், உள்ளே பார்க்கும் கமராக் குழாயின் உதவியோடு டியூப் வைக்கும் முறையை 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரத்தில் கோடரர், பொன்ஸ்கி என்ற இரண்டு டாக்டர்கள் தொடங்கினார்கள். முதன்முதலில் அதைச் செய்தது ஒரு கைக்குழந்தைக்குத்தான். பிள்ளை சாவதற்காக அல்ல, வளர்வதற்காகவே டியூப் போடுகிறார்கள். வாயால் குடிக்கப் பழகிய பிறகு டியூப் கழற்றப்படும் பிள்ளைகளும் உண்டு.

வீட்டில் பால் கொடுக்க நம் தாய்மார் நன்றாகப் பழகிவிடுகிறார்கள். பயம் வருவது கிளினிக் நாளில்தான். பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்திலிருந்து பதுளைக்கு வர வேண்டும். ஹப்புத்தளை, ஹல்துமுல்லைப் பக்கம் என்றால் தியத்தலாவைக்கோ பதுளைக்கோ போக வேண்டும். சிலருக்குக் கொழும்பு பொரளையில் உள்ள லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்கும், சிலருக்குப் பேராதனைச் சிறுவர் ஆஸ்பத்திரிக்கும் துண்டு கொடுப்பார்கள். "மழையா இருக்கு, அடுத்த மாசம் பார்ப்போம்", "ஒரு நாள் பேர் போயிரும்", "பஸ்ஸுல எல்லாரும் பார்ப்பாங்க" என்று நாள் தள்ளிப் போகிறது.

இப்படித் தள்ளிப் போடுவது பிள்ளைக்கு நட்டம். பிள்ளையின் நிறையைப் பார்த்துத்தான் பாலின் அளவைக் கூட்டுவார்கள். மூன்று மாதத்துக்கு முன் சொன்ன அளவையே கொடுத்துக்கொண்டிருந்தால், வளர்கிற பிள்ளை மெலிந்து போகும். டியூப்பை மாற்றுவதற்கும் திகதி உண்டு. ஆகவே கிளினிக்கைத் தவறவிடாமல் எப்படிப் பத்திரமாகப் போய் வருவது என்பதே இந்தப் பாடம்.

1. முதல் நாள் செய்யும் வேலை

நல்ல பயணத்தின் பாதி முதல் நாளே முடிந்துவிட வேண்டும். திகதி தெரிந்த உடனே கங்காணியிடமும் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடமும் சொல்லி வையுங்கள். தோட்ட ஆஸ்பத்திரி டாக்டர் ஐயாவிடம் பிள்ளையைக் காட்டி, டியூப் சரியாக இருக்கிறதா, பிளாஸ்டர் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள். ஒருவர் பிள்ளையைப் பிடிக்க, மற்றவர் பால் ஊற்ற வேண்டும். அப்பா வர முடியாவிட்டால் பாட்டியோ சித்தியோ வரட்டும்.

ஒரு தாளில் இந்த விபரங்களை எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள்: பிள்ளையின் பெயர், வருத்தம், டியூப்பின் இலக்கம், மூக்கு ஓரத்தில் டியூப்பில் உள்ள அளவு எத்தனை சென்ரிமீற்றர், ஒரு நேரத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் பால், எத்தனை மணிக்கு ஒருமுறை, என்ன மருந்து, வீட்டு டெலிபோன் இலக்கம். தமிழில் ஒரு பக்கமும் சிங்களத்தில் ஒரு பக்கமும் எழுதுவது நல்லது. வழியில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

2. பையில் என்ன இருக்க வேண்டும்?

பால் ஊற்றும் பெரிய சிரிஞ் இரண்டு; அதே இலக்கத்தில் மேலதிக டியூப் ஒன்று; பிளாஸ்டர், கத்தரிக்கோல்; டியூப் சோதிக்கும் தாள் (ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தால்); கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு போத்தல்; சுடுதண்ணீர்ப் பிளாஸ்க்; சவர்க்காரம்; சுத்தமான துவாய் இரண்டு; மாற்றுச் சட்டை; பிள்ளையின் மருந்து; கிளினிக் கொப்பி.

போய் வரும் நேரத்துக்கு மட்டும் அளந்து பால்மா கொண்டு போகாதீர்கள். மேலும் இரண்டு நாளுக்குப் போதுமான அளவு எடுங்கள். ஊவாவில் இருக்கும் நமக்குப் பாதை எப்போது அடைபடும் என்று தெரியாது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்ததை மறக்க முடியுமா? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டத்தில் எத்தனையோ பாதைகள் மண்சரிவில் மூடப்பட்டன, ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தது. பெரியவர்கள் ஒரு ரொட்டியில் நாளைக் கழித்துவிடலாம். டியூப் பிள்ளைக்குக் கடையில் வாங்கிக் கொடுக்க ஒன்றும் இல்லை. ரயிலில் போக நினைப்பவர்கள், உங்கள் ரயில் எதுவரை ஓடுகிறது என்று முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சாமான்களைப் பஸ்ஸின் மேல் தட்டிலோ பின்னாலோ போட வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு தாய், பழைய துணியில் மூன்று பொக்கெட் வைத்துத் தோளில் மாட்டும் பை தைத்திருக்கிறார். ஒன்றில் சிரிஞ், ஒன்றில் பால்மா, ஒன்றில் கொப்பி. கூட்டத்தில் நின்றாலும் கை போனதும் சாமான் வரும். அவருடைய கணவர் கையில் இரண்டாவது பை. அதிலும் ஒரு சிரிஞ்சும் கொஞ்சம் பால்மாவும் இருக்கும். ஒரு பை தொலைந்தாலும் பிள்ளை பட்டினி கிடக்காது.

3. பால் கெடாமல் இருக்க

வீட்டிலேயே பால் கரைத்துப் போத்தலில் கொண்டு போவது பெரிய ஆபத்து. கரைத்த பால்மாவை வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்துக் கொடுக்கக் கூடாது. ஹப்புத்தளைக் குளிரில் கெடாதது போலத் தெரியும். பெரகல இறக்கம் இறங்கி பலாங்கொடை, இரத்தினபுரி வெயிலுக்குப் போனதும் அதே பாலில் கிருமி வேகமாகப் பெருகும். பால்மாவை ஒவ்வொரு நேரத்துக்கும் தனித்தனியாக அளந்து, காய்ந்த சுத்தமான டப்பாக்களில் போட்டுக்கொள்ளுங்கள். நேரம் வந்ததும் பிளாஸ்க் சுடுதண்ணீரில் கரையுங்கள். தண்ணீர் 70 பாகைச் சூட்டுக்குக் குறையாமல் இருந்தால்தான் பால்மாவில் உள்ள கிருமி சாகும். பிளாஸ்க் ஆறிவிட்டால் தேத்தண்ணிக் கடையில் கொதிக்கிற தண்ணீர் கேட்டு வாங்குங்கள். கரைத்த பிறகு போத்தலைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து நன்றாக ஆற்றி, கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

தாய்ப்பால் பீய்ச்சிக் கொடுப்பவர்கள், சாதாரண அறைச் சூட்டில் நாலு மணித்தியாலத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். வெயில் ஊரில் அதற்கும் முன்பே கொடுங்கள். ஐஸ் வைத்த பெட்டியில் ஒரு நாள் வரைக்கும் வைக்கலாம். மிஞ்சிய பால் எதுவானாலும் கொட்டிவிடுங்கள். சிரிஞ்சை வழியில் உள்ள பீலித் தண்ணியிலோ ஆற்றிலோ கழுவ வேண்டாம். கொதித்து ஆறிய தண்ணீர் மட்டுமே பாவிக்க வேண்டும்.

4. நேரக் கணக்கு

ஓடுகிற பஸ்ஸில் பால் ஊற்றாதீர்கள். பண்டாரவளை, ஹப்புத்தளை வளைவுகளில் பஸ் ஆடும்போது டியூப் இழுபடும், பிள்ளை வாந்தி எடுக்கும், எடுத்த வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகிறவர்களுக்குப் பதினெட்டு வளைவு பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

பால் கொடுக்கும்போது பிள்ளையின் தலையும் நெஞ்சும் உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்த பிறகும் குறைந்தது அரை மணித்தியாலம் அப்படியே வைத்திருக்க வேண்டும். இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். மூன்று மணிக்கு ஒருமுறை பால் குடிக்கும் பிள்ளைக்குக் காலை நாலரைக்கு வீட்டில் கொடுத்தால், ஐந்தரைக்கு வெளிக்கிடலாம். ஏழரைக்குப் பதுளை ஆஸ்பத்திரி வாங்கில் ஆறுதலாக உட்கார்ந்து அடுத்த பாலைக் கொடுக்கலாம். கொழும்புப் பயணத்தில் இரண்டு மூன்று நேரப் பால் வழியிலே வரும். ஏறும்போதே கொண்டக்டரிடம் சொல்லி, பஸ் தேத்தண்ணிக்கு நிற்கும் இடத்தைக் கேட்டு வையுங்கள். "பபாட்ட கிரி தென்னே டியூப் எகென், பொட்டக் நவத்தன்ன" என்று சொன்னால் எந்தக் கொண்டக்டருக்கும் விளங்கும். நேரத்தை அரை மணி முன்பின் மாற்றலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் நல்லது.

5. இடம் பார்க்காமல் ஊற்றக் கூடாது

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். மூக்கு டியூப் வயிற்றில்தான் இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. குலுக்கலிலும் இருமலிலும் டியூப் மேலே வந்துவிடலாம். அப்போது ஊற்றும் பால் நுரையீரலுக்குள் போகும். அது உயிருக்கே ஆபத்து.

முதலில் மூக்கு ஓரத்தில் உள்ள அடையாளம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சிரிஞ்சால் மெதுவாக இழுத்து, வரும் தண்ணீரைச் சோதிக்கும் தாளில் விடுங்கள். 5.5 அல்லது அதற்குக் குறைவாகக் காட்டினால் அது வயிற்றுப் புளிப்பு, பால் கொடுக்கலாம். அமிலம் குறைக்கும் மருந்து குடிக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு மாறக்கூடும், அதை டாக்டரிடம் கேளுங்கள். தாள் கொடுக்காத ஆஸ்பத்திரியில் மிஸ் காட்டித் தந்த முறைப்படி செய்யுங்கள். சிரிஞ்சால் காற்று ஊதிச் சத்தம் கேட்பதை மட்டும் நம்ப வேண்டாம். நுரையீரலுக்குள் காற்று போனாலும் சத்தம் கேட்கலாம்.

ஒன்றும் இழுபடாவிட்டால் பிள்ளையை இடது பக்கம் சரித்துக் கால் மணித்தியாலம் பொறுத்து மறுபடி பாருங்கள். அப்போதும் வராவிட்டால் பால் கொடுக்காமல் கிட்டிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொஞ்சம் பிந்திய பாலைப் பிறகு கொடுத்துவிடலாம், நுரையீரலுக்குள் போன பாலைத் திருப்பி எடுக்க முடியாது.

6. வழியில் ஏதும் நடந்தால்

மூக்கு டியூப் கழன்றால்: முறையாகப் பழக்கப்பட்டவர் தவிர வேறு யாரும் திரும்பப் போட வேண்டாம். ஆஸ்பத்திரியில் போடுவார்கள். அதற்காகத்தான் மேலதிக டியூப்.

வயிற்று டியூப் கழன்றால்: இது அவசரம். துளை சில மணித்தியாலத்திலேயே சுருங்கி மூடத் தொடங்கும். சுத்தமான துணியால் மூடி, கழன்ற டியூப்பையும் எடுத்துக்கொண்டு உடனே போங்கள்.

டியூப் அடைத்தால்: பெரிய சிரிஞ்சில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து மெதுவாக முயற்சி செய்யுங்கள். பலமாகத் தள்ளவோ கம்பி விடவோ கூடாது.

பால் கொடுக்கும்போது இருமல், மூச்சுத் திணறல், உதடு நீலம் கண்டால்: அந்த நிமிடமே நிறுத்துங்கள். பிள்ளையை நிமிர்த்திப் பிடியுங்கள். 1990க்கு அழையுங்கள். 2016இல் தொடங்கிய இந்தச் சுவசெரிய அம்புலன்ஸ் இப்போது நாடு முழுவதும் உண்டு, காசு இல்லை. நிற்கும் இடத்தின் பெயரைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கொழும்பு வழியில் பண்டாரவளை, தியத்தலாவை, பலாங்கொடை, இரத்தினபுரி, அவிசாவளை எல்லா இடத்திலும் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. "நம்ம கிளினிக் அங்க இல்லையே" என்று தயங்காதீர்கள். எந்த அரசாங்க ஆஸ்பத்திரியிலும் காட்டலாம்.

7. மற்றவர்களுக்கு ஒரு சொல்

டியூப் போட்ட பிள்ளையைப் பஸ்ஸில் கண்டால் உற்றுப் பார்த்து, "என்ன வருத்தம், எப்ப சுகமாகும்" என்று தாயைக் கேள்வி கேட்காதீர்கள். எழும்பி இடம் கொடுங்கள். உங்கள் பை பிள்ளையின் டியூப்பில் மாட்டாமல் பிடியுங்கள். தாய் பால் கொடுக்கும்போது பிளாஸ்கைப் பிடித்து உதவுங்கள். லயத்தில் உள்ளவர்கள் அன்றைக்கு அந்த வீட்டின் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால், அந்தத் தாய் நிம்மதியாகப் போய் வருவாள்.

பிள்ளைக்காம்பராவில் கூடும்போது பேசிப் பாருங்கள்:

1. கரைத்த பால்மாவை எத்தனை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும்?
2. பால் ஊற்றுவதற்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டியது என்ன?
3. வயிற்று டியூப் கழன்றால் ஏன் தாமதிக்கக் கூடாது?
4. உங்கள் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பால் கொடுக்க வசதியான இடங்கள் எவை?

நாலாவது கேள்விக்கு விடை உங்களிடம்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து, அப்படி ஒரு பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். அடுத்த கிளினிக் திகதி எப்போது என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.