டிரைவர் நிரலைச் சரிபார்க்க வரும் பிள்ளைகளுக்கு

சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய் பக்கத்திலிருந்து படித்துவிட்டு, 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் வேலை தேடும் பிள்ளைகளே, லினக்ஸ் கெர்னல் டிரைவர் பக்கம் வந்தால் இவற்றை மனத்தில் வையுங்கள்.

1. வகைமாற்றத்தைக் கண்டால் நில்லுங்கள். எச்சரிக்க வரும் கம்பைலரின் வாயை எழுதியவர் அங்கே அடைக்கிறார். காரணத்தைக் கேளுங்கள். 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட், 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது வந்த பிழையால், கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. அந்த நிரல் ஏரியன் 4இல் ஒழுங்காக ஓடியதுதான். புதிய ராக்கெட்டின் வேகத்தை அந்த 16 பிட் தாங்குமா என்று யாரும் திரும்பக் கேட்கவில்லை.

2. கெர்னலில் நினைவகம் வாங்கும் கேமாலக் தருவதற்கு வகைமாற்றம் தேவையே இல்லை. அது தரும் வாய்ட் பாயிண்டர் சி மொழியில் எந்தப் பாயிண்டருக்கும் தானே பொருந்தும். எடுத்துவிடச் சொல்லுங்கள்.

3. பெருக்கலில் அதிக நேரம் செலவிடுங்கள். 32 பிட் கணினியில், 16 பைட் உறுப்புகள் 268,435,457 வேண்டும் என்று பயனர் கேட்டால், பெருக்குத்தொகை வழிந்து வெறும் 16 ஆகிவிடும். கேமாலக் மறுக்காமல் 16 பைட் கொடுக்கும். அடுத்து வரும் லூப் பிறருடைய நினைவகத்தில் எழுதிக்கொண்டே போகும். கேமாலக் அரே, கேகாலக் இரண்டும் இந்த வழிதலைப் பிடித்து, இடம் தர மறுத்துவிடும். ரப்பர் தோட்டத்துக் கொட்டகையில் பாலை நிறுத்துத்தான் கணக்கில் ஏற்றுவார்கள்; வெளியிலிருந்து வரும் எண்ணையும் அப்படி நிறுத்துப் பாருங்கள்.

4. ஜிஎஃப்பி கெர்னல் என்று இடம் கேட்டால் கெர்னல் தூங்கிக் காத்திருக்கலாம். இன்டரப்ட் நடக்கும்போதும் ஸ்பின்லாக் பிடித்திருக்கும்போதும் அது ஆகாது. அங்கே ஜிஎஃப்பி அட்டாமிக். பயத்தில் எல்லா இடத்திலும் அட்டாமிக் போடுவதும் தவறு. அது அவசரச் சேமிப்பைத் தின்னும், எளிதில் தோற்கும்.

5. இடம் கிடைக்காதபோது ஓடும் வரிகளை வரிவரியாகப் படியுங்கள். சோதனைக்கூடத்தில் அவை ஓடுவது அபூர்வம். முன்பு வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்தார்களா? கேரீஅலாக்கின் விடையைப் பழைய பாயிண்டரிலேயே போட்டிருந்தால், தோல்வியின்போது பழைய இடத்தின் முகவரியே தொலைந்துவிடும். டெவ்எம் வழியாக வாங்கிய இடம், சாதனத்தை விட்டு டிரைவர் விலகும்போது தானே விடுபடும். அதைக் கேஃப்ரீயால் விடுவித்தால் இரண்டு முறை விடுவித்ததாகிவிடும்.

6. லினஸ் டோர்வால்ட்ஸ் 2003இல் தொடங்கிய ஸ்பார்ஸ் கருவியை ஓட்டாமல் கருத்து எழுதாதீர்கள். பயனர் முகவரி, சாதன முகவரி என்று குறியிட்ட பாயிண்டர்கள் கலந்தால் அது காட்டிக்கொடுக்கும். அந்த எச்சரிக்கையை வகைமாற்றம் போட்டு அடக்கிய பேட்ச், யார் எழுதியதானாலும், காரணம் சொல்லப்படும்வரை உங்கள் பெயரை அதில் சேர்க்காதீர்கள்.