குடிகாரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு

அப்பாவின் குடிக்கு நடுவில் வளர்ந்து, இப்போது கல்யாணமாகி, குழந்தையும் ஆன பிறகு குடிப்பவர்களின் குடும்பத்தார் கூடும் கூட்டத்துக்கு முதல்முறையாக வந்து உட்காரும் தம்பி, தங்கைகளுக்கு எழுதுகிறேன். அதே மாதிரி வீட்டில் வளர்ந்தவள், உங்களுக்கு முன்னால் இங்கே வந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. நடந்ததைப் பூசி மெழுகாதீர்கள். 'எங்கப்பா கொஞ்சம் கோபக்காரர்' என்று ஆரம்பிக்காதீர்கள். அடித்தார், சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தார், பள்ளிக்கூட ஃபீஸுக்கு அம்மா ஒளித்து வைத்த பணத்தை எடுத்துக்கொண்டு போய்க் குடித்தார் என்று சொல்லுங்கள். அதற்கு ஏழு வயதுப் பிள்ளை காரணமில்லை. பழியை இறக்கி வைப்பதைப் பற்றிப் பின்னால் பேசப்போகிறேன். செய்தவர் செய்ததை யாரும் துடைத்துவிட முடியாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

2. அம்மாவின் மேலுள்ள கோபத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள். பலருக்கு அப்பாவின் மேல் இருப்பதைவிட அது பெரிது. 'எங்களைக் கூட்டிக்கொண்டு ஏன் வெளியே போகவில்லை?' நியாயமான கேள்விதான். ஆனால் அன்றைக்கு அவளுக்கு எந்தக் கதவு திறந்திருந்தது என்றும் கேளுங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்ததே 2005-ல்தான். அதே வீட்டில் இருந்துகொண்டே பாதுகாப்புக் கேட்கும் வழியை அதுதான் கொடுத்தது. அதற்கு முன்னால் போலீஸுக்குப் போனால் புருஷனை உள்ளே தள்ள வேண்டும், அல்லது பிறந்த வீட்டுத் திண்ணைக்குப் போக வேண்டும். அங்கேயும் 'நீ அனுசரிச்சுப் போயிருந்தா அவன் ஏன் குடிக்கிறான்' என்றுதான் கேட்டார்கள். குடியை விட நினைப்பவர்களின் அமைப்பான ஏஏ-வைத் (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ், 1951-ல் குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக அல்-அனானைத் தொடங்கினார். அங்கே முதலில் சொல்லித் தருவது இதைத்தான்: குடியை நீங்கள் உண்டாக்கவில்லை, உங்களால் அடக்கவும் முடியாது, குணமாக்கவும் முடியாது. இது உங்கள் அம்மாவுக்கும் பொருந்தும்.

3. உடம்பு மறக்காது. இரவில் கேட் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் இன்றும் வயிறு சுருண்டுகொள்கிறது என்றால், அது கோழைத்தனம் இல்லை. ஃபெலிட்டி, அண்டா என்ற இரண்டு மருத்துவர்கள் அமெரிக்காவில் 17,000 பேருக்கு மேல் விசாரித்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 1998 முதல் வெளிவந்தன. சிறு வயதில் பட்ட துன்பங்கள் கூடக் கூட, பின்னாளில் குடி, மனச்சோர்வு, இதயநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது என்று கண்டார்கள். வாய்ப்பு என்றுதான் சொன்னார்கள். இதைப் படித்துவிட்டு 'எனக்கு இப்படித்தான் ஆகும்' என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

4. இதற்காகத்தான் எல்லாவற்றையும் எழுத உட்கார்ந்தேன். ராத்திரி வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கும்போது கை ஓங்கிவிடுகிறது. 'எங்கப்பா என்னை இப்படித்தான் வளர்த்தார், எனக்கு வேறு தெரியாது' என்கிறீர்கள். காரணம் உண்மை. ஆனால் கன்னம் சிவந்து நிற்கிற பிள்ளைக்குத் தாத்தாவின் கதை எதற்கு? அவளை அடித்தது உங்கள் கை. அப்பா செய்தது அப்பாவின் கணக்கு. இது உங்கள் கணக்கு, இதில் அவர் பெயரை எழுத முடியாது. கோபம் ஏறும்போதே எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள். அடித்துவிட்டால் அன்றைக்கே, அவள் தூங்குவதற்கு முன்னால், 'நான் அடித்தது தப்பு' என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள். 'நீ ஏன் என்னைக் கோபப்படுத்தின?' என்று சேர்க்காதீர்கள். 'என்னை ஏன்டி குடிக்க வைக்கிற?' என்று உங்கள் வீட்டில் கேட்ட குரல் அது.

5. ஒரு நோட்டு போடுங்கள். ஏஏ-விலும் அல்-அனானிலும் பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் நாலாவது, தன்னைத் தானே அஞ்சாமல் கணக்கெடுப்பது. பத்தாவது, அதை நாள்தோறும் தொடர்வது. பெரியவரான பிறகு நீங்கள் செய்தவை மட்டுமே அதில் வர வேண்டும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது உங்களுக்கு நடந்த எதையும், முக்கியமாக உடம்பின் மேல் யாராவது நடத்திய அத்துமீறலை, உங்கள் தப்பாக அதில் எழுதவே கூடாது. அந்தக் காயம் உள்ளவர்கள் தனியாக நோட்டைத் திறக்க வேண்டாம், ஒரு மனநல ஆலோசகரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. மன்னித்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. 'என்ன இருந்தாலும் அப்பா' என்று சித்தப்பாவும் பெரியம்மாவும் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், வாக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் அவர் வந்து மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். நம்மில் பலருடைய அப்பாக்கள் ஈரல் கெட்டு, ஒரு வார்த்தை சொல்லாமலே போய்விட்டார்கள். உயிரோடிருப்பவர்களில் பலருக்கு அந்த ராத்திரிகள் நினைவிலேயே இல்லை.

7. பழியை விடுவது என்றால் புகாரை வாபஸ் வாங்குவது இல்லை. அம்மா இன்றைக்கும் அடி வாங்குகிறாள் என்றால் பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழையுங்கள். ஒரே ஊரில் இருந்துகொண்டு அப்பாவைப் பார்க்காமலிருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

8. டாஸ்மாக்கைப் பற்றி. 2003-லிருந்து தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனையை அந்த நிறுவனத்தின் மூலம் அரசே நடத்துகிறது. அதை எதிர்த்து நில்லுங்கள், நானும் வருகிறேன். மதுவிலக்குக் கேட்டுப் போராடிய சசிபெருமாள் 2015-ல் அந்தப் போராட்டத்திலேயே உயிரை விட்டார். அரசு பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன. நேற்று ராத்திரி மனைவியை நீங்கள் பேசிய பேச்சு அந்தக் கேள்விகளில் ஒன்றல்ல.

9. கூட்டத்தில் பேசியே ஆக வேண்டும் என்றில்லை. முதல் சில வாரம் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். கூட்டமில்லாத நாளில் ராத்திரி தாங்க முடியவில்லை என்றால் 14416-க்குப் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் அது, காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.