வெறும் எழுத்தில் ஒரு கூத்துக் கொப்பி

மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரானிலோ அதைச் சுற்றியுள்ள ஊர்களிலோ யாராவது ஒரு பழைய கோப்பைக் கொண்டுவந்து, "தடிப்பு, சாய்வு, கலர் எல்லாத்தையும் எடுத்துப்போட்டு வெறும் எழுத்தா மட்டும் தாங்க" என்று கேட்டால், நான் உடனே ஓம் சொல்வதில்லை. முதலில் அது பாமினி எழுத்துருவில் அடித்ததா என்று பார்ப்பேன். பாமினி என்றால், அலங்காரத்தைக் கழற்றும்போது தமிழும் சேர்ந்து கழன்றுவிடும்.

வேர்டில் அழகாக இருப்பதை நோட்பேடில் போட்டு ஒட்டினால் வடிவமைப்பு மட்டும் போகும், எழுத்து அப்படியே இருக்கும் என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் யோசனை. ஆங்கிலத்துக்கு அது சரி, யூனிகோட் தமிழுக்கும் சரி. ஆனால் தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னர் நெடுங்காலமும் இலங்கையில் தட்டச்சான தமிழில் பெரும்பகுதி பாமினியில் கிடக்கிறது. பாடசாலை மலர், கோயில் கும்பாபிஷேக மலர், கல்வெட்டு எனப்படும் நினைவு மலர், சங்கங்களின் யாப்பு, எல்லாம் அதில்தான். பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்காரவைத்தது. கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் இருப்பது ஆங்கிலம். "இந்தப் பகுதிக்குப் பாமினியைப் பாவி" என்று வேர்ட் வைத்திருக்கும் ஒரு குறிப்பு மட்டுமே அதைத் தமிழாகக் காட்டுகிறது. நோட்பேடுக்கு அப்படிக் குறிப்பு வைக்க இடமில்லை. அதனால் "கிரான்" அங்கே எஃப், பி, யூ, எச், டி, அரைப்புள்ளி என்று நிற்கும். "தமிழ்" ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. "இலங்கை" ஒரு கொமாவில் தொடங்கும். பாமினியில் கொமாக் குறிதான் இ.

நான் இதையெல்லாம் ஒழுங்காகப் படித்துக்கொண்டது ஒரு வடமோடிக் கூத்துக் கொப்பியில். மகாபாரதக் கதை. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் தன் கையெழுத்துப் பிரதியை முன்னொரு காலத்தில் ஓர் அச்சகத்தில் கொடுத்து வேர்டில் அடித்து வைத்திருந்தார். அவருடைய பேரன் அதைக் கைத்தொலைபேசியில் திறந்து பார்த்துவிட்டு அவரிடம் காட்டியிருக்கிறான். பென்டிரைவோடு என்னிடம் வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மனே, கூத்தெல்லாம் இங்கிலிசாப் போயிட்டு?" என்பதுதான்.

போகவில்லை. இந்த வேலையில் முதலில் தெரிந்திருக்க வேண்டியது இது: திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் தமிழ் பத்திரமாக இருக்கிறது, மாற்றி எடுக்கலாம். கேள்விக்குறிகளாகத் தெரிந்தால்தான் பயப்பட வேண்டும். யூனிகோட் தமிழைப் பழைய நோட்பேடில் ஒட்டி, அது கேட்ட எச்சரிக்கைக்கு "ஓகே" அழுத்தி ஏஎன்எஸ்ஐ முறையில் சேமித்தால், ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக மாறும். அதன் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பேட் தானாகவே யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கிறது. ஆனால் நம் பக்கத்துப் பாடசாலைகளிலும் கடைகளிலும் அதற்கு முந்திய கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சேமிக்கும்போது கீழே இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்து யூடிஎஃப்-8 என்று தெரிவுசெய்வதை நான் யாருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பேன்.

கூத்துக் கொப்பியில் வடிவமைப்பு என்பது வெறும் அழகு இல்லை. பாத்திரத்தின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. விருத்தம், தரு, கொச்சகம், வசனம் என்ற தலைப்புகள் சாய்வெழுத்தில். பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாட வேண்டிய அடிகளுக்குக் கீழ்க்கோடு. இவற்றைக் கழற்றிவிட்டால் யார் பாடுகிறார், எது பாட்டு, எது பேச்சு என்று களரியில் ஏடு பார்க்கிறவருக்கே தெரியாது. அதே கொப்பியில் அச்சகத்துப் பிள்ளை தன் விருப்பத்துக்குப் போட்ட ஊதா நிறமும், பூ வரைந்த எல்லைக்கோடும், ஐந்து வகைத் தலைப்பு எழுத்துருவும் இருந்தன. அவை போனால் கூத்துக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆகவே கோப்பைத் திறந்ததும் நான் செய்வது, அதை உருவாக்கியவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, ஒவ்வொரு வடிவமும் எதற்காக என்று கேட்பது. கணினி வேலையில் பாதி இதுதான் என்பேன். அண்ணாவியாருக்கு வேர்டு தெரியாது. ஆனால் எந்தக் கோடு எதற்கு என்று அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அடுத்து, பொருளுள்ள வடிவங்களை எழுத்துக்குள்ளேயே குறியாக இறக்க வேண்டும். அதுவும் பாமினியிலிருந்து மாற்றுவதற்கு முன்பே, வேர்டில் இருக்கும்போதே. வேர்டின் தேடி மாற்றும் பெட்டியில் தேடும் இடத்தை வெறுமையாக விட்டு, தடித்த எழுத்து என்ற வடிவத்தை மட்டும் தெரிவுசெய்யலாம். மாற்றும் இடத்தில் ௺^&௺ என்று கொடுப்பேன். நடுவிலுள்ள ^& என்பதற்கு "கண்டுபிடித்ததை அப்படியே வை" என்று பொருள். தடித்த துண்டு ஒவ்வொன்றும் இரண்டு ௺ குறிகளுக்கு நடுவே வந்துவிடும். வரி முழுவதும் தடிப்பாக இருந்தால் முடிவுக்குறி அடுத்த வரியில் போய் விழும். அதைக் கையால் மேலே ஏற்ற வேண்டும்.

ஏன் ௺? நட்சத்திரக் குறி, ஹாஷ், சதுர அடைப்பு என்று எல்லாரும் பாவிப்பதை இங்கே பாவிக்க முடியாது. பாமினியில் # என்பது சூ, % என்பது மூ, [ என்பது ஜ. மாற்றியில் போட்டதும் உங்கள் குறிகள் எல்லாம் எழுத்தாகிப் பாட்டோடு கலந்துவிடும். ௺ யூனிகோடின் தமிழ்ப் பகுதிக்குள்ளேயே இருக்கும் பழைய கணக்குக் குறி. மாற்றி அதைத் தொடாது, சாதாரண எழுத்தில் யாரும் அதை எழுதவும் மாட்டார்கள். இதே காரணத்துக்காக, நடுவில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களை வெட்டித் தனிக் கோப்பில் வரிசையாக வைத்துவிட்டு, அவை இருந்த இடத்தில் ௹1, ௹2 என்று விடுவேன். அப்படிச் செய்யாவிட்டால் மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலப் பெயர் எல்லாம் வாயில் நுழையாத தமிழாகிவிடும். பிறகு "எளிய உரை" என்று சேமித்து, வேர்ட் கேட்கும் குறியாக்கப் பெட்டியில் யூடிஎஃப்-8.

மாற்றுவதற்குக் கருவிகள் உண்டு. ஜெர்மனிக்குப் புலம்பெயர்ந்த சுரதா யாழ்வாணன் ஆக்கிய பொங்குதமிழ் மாற்றிக்கு ஈழத்துத் தமிழ் இணையம் கடன்பட்டிருக்கிறது. இணையம் இல்லாத இடத்தில் சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் மாற்றி கைகொடுக்கும். மாற்றுவது ஒரு நிமிட வேலை. அதற்குப் பின்னால் வருவதுதான் வேலை.

பாமினியில் தட்டச்சு செய்தவர்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் போதும் என்று அடித்தார்கள். ர் என்பதற்குப் பதில் காலும் புள்ளியும் அடித்தாலும் தாளில் வித்தியாசம் தெரியாது. ரி, ரீ இரண்டிலும் இதே கதை. யூனிகோடுக்கு வந்ததும் "அவா்கள்", "மாியாதை" என்று வந்து நிற்கும். பார்க்கச் சரிபோலத்தான் இருக்கும். தேடினால் மட்டும் கிடைக்காது. நல்ல செய்தி என்னவென்றால், தமிழில் காலுக்குப் பிறகு புள்ளியோ இகர, ஈகாரக் குறிகளோ ஒருபோதும் வராது. எனவே ா் என்பதை ர் என்றும், ாி என்பதை ரி என்றும், ாீ என்பதை ரீ என்றும் கண்ணை மூடிக்கொண்டு கோப்பு முழுவதும் மாற்றலாம். இந்த உருவைத் தேடும் பெட்டியில் தட்டச்சு செய்வதுதான் கடினம். உரையில் இருக்கும் ஒன்றைக் கொப்பி பண்ணி ஒட்டுங்கள்.

ஔகாரம் அப்படி இல்லை. பாமினியில் கௌ என்பதும் கெள என்பதும் ஒரே விசைகள். சில மாற்றிகள் எல்லாவற்றையும் ஔகாரமாக்கிவிடும். எங்கள் பிரதேசச் செயலகப் பிரிவின் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: பேரில்லாவெளி, கோராவெளி, மினுமினுத்தவெளி. மூன்றும் "வௌி" என்று உடைந்து, புள்ளி வட்டத்தோடு வந்து நிற்கும். வெள்ளம் "வௌ்ளம்" ஆகும். ஔகாரக் குறிக்குப் பின்னால் இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது நிச்சயம் பிழை, மொத்தமாகத் திருத்தலாம். தனியே நிற்கும் ஔகாரத்தை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்க வேண்டும். கூத்தில் கௌரவர் சபை இருக்கிறது, பேச்சுவழக்கில் "வெளக்கு" என்பதும் இருக்கிறது. "எல்லாவற்றையும் மாற்று" என்ற பொத்தானுக்கு இரண்டும் ஒன்று.

தானியங்கித் திருத்தத்தின் கைவரிசை தனி ரகம். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது வேர்டின் பழக்கம். பாமினியில் சிறிய ஜே என்றால் த, பெரிய ஜே என்றால் து. அதனால் பாட்டுத் தொடக்கத்தில் வந்த "தம்பி" சில இடங்களில் "தும்பி" ஆகியிருந்தது. அண்ணாவியார் அதைப் படித்துப் பார்த்து, "ஆரு இஞ்ச தும்பி பிடிக்கிறது?" என்று சிரித்தார். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் உதவாது. தும்பியும் நல்ல தமிழ்ச் சொல்தானே. பாடத் தெரிந்தவர் ஒருவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும், வேறு வழியில்லை. இன்னும் பாமினியில் தட்டச்சு செய்கிறவர்கள் தயவுசெய்து அந்தத் திருத்தத்தை நிறுத்திவிட்டு அடியுங்கள். கொமாவுக்குப் பின் இடைவெளி சேர்க்கும் "துப்புரவு" வேலைகளையும் தொடாதீர்கள். "இலங்கை" எழுதிய இடமெல்லாம் இ தனியாகவும் மிச்சம் தனியாகவும் நிற்கும்.

வேர்ட் இல்லாமலே சில கோப்புகளைத் திறக்கலாம் என்பதும் தெரிந்திருப்பது நல்லது. டொக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு சிப் பொதி. பெயரின் வாலை சிப் என்று மாற்றிப் பிரித்தால், உள்ளே வேர்ட் என்ற உறைக்குள் முழு உரையும் சாதாரண எழுத்தாகவே இருக்கும்; எந்தத் துண்டு பாமினி, எந்தத் துண்டு டைம்ஸ் என்பதும் எழுதப்பட்டிருக்கும். பழுதாகித் திறக்க மறுக்கும் கோப்பிலிருந்து இந்த வழியால் உரையை மீட்கலாம். ஆர்டிஎஃப் கோப்பை நோட்பேடில் திறந்தால் யூனிகோட் தமிழ் எண்களாகத் தெரியும்: அ என்பது 2949, ம என்பது 2990, புள்ளி 3021. அதைக் கையால் திருத்தப் போகாதீர்கள். அது மனிதன் வாசிப்பதற்கானது இல்லை.

பீடிஎஃப் விஷயத்தில் என் அனுபவம் எல்லாரும் நினைப்பதற்கு எதிர். யூனிகோட் தமிழில் செய்த பீடிஎஃப்பிலிருந்து கொப்பி பண்ணினால் கொம்பும் காலும் இடம்மாறிச் சிதறுவதுதான் அதிகம். பாமினி பீடிஎஃப்பிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் சுத்தமான ஆங்கில எழுத்துக் கிடைக்கும், மாற்றியில் போட்டால் ஒழுங்கான தமிழ். எனவே பாமினியைத் திட்டுவதிலும் ஓர் அளவு வேண்டும்.

எல்லாம் யூனிகோடுக்கு வந்தபின் ௺ குறிகளை எடுத்துவிட்டு, எல்லாருக்கும் தெரிந்த குறிகளை வைக்கிறேன். வட்ஸ்அப்பில் தடிப்புக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரம், சாய்வுக்குக் கீழ்க்கோடு என்று ஊரில் எல்லாருக்கும் பழக்கம். 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுனும் கிட்டத்தட்ட அதே வழி. தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் போகும் உரையென்றால் தடிப்புக்கு மூன்று தனி மேற்கோள், தலைப்புக்குச் சமக்குறிகள். கூத்துக்கு நான் அதையும் குறைத்துக்கொண்டேன். "விருத்தம்:", "தரு:", "வசனம்:" என்று தனி வரியில் எழுதி, பாத்திரப் பெயரை அதற்கு மேலே வைத்தால் நட்சத்திரமே தேவையில்லை. பிற்பாட்டு அடிக்கு முன்னால் ஒரு > குறி. தாளக்கட்டுகளை இடைவெளிகளால் வரிசைப்படுத்தப் பார்க்காதீர்கள். நோட்பேடில் தமிழெழுத்துகளின் அகலம் ஒன்றாக இராது, உங்கள் கணினியில் நேராக நிற்பது மற்றவர் தொலைபேசியில் கோணும். தாளக்கட்டை அடிக்கொரு வரியாக உடைத்துவிடுவதே மேல்.

வெறும் எழுத்தின் அருமை மாரி காலத்தில் தெரிந்தது. வெள்ளம் வந்து புலிபாய்ந்தகல் வீதி மூழ்கினால் அந்தப் பக்கத்துச் சனம் படகில்தான் கிரானுக்கு வரும். அண்ணாவியாரின் பழைய கூட்டாளி ஒருவர் அக்கரையில். தொலைபேசிச் சைகை அரைகுறை. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் ஆகும். அப்படியிருந்தும் முழுக் கூத்தும் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கியதால் அது போய்ச் சேர்ந்தது. அவர் திருத்தங்களைக் குறுஞ்செய்தியாக அனுப்பினார். வேர்ட் கோப்பாக இருந்திருந்தால் அவரால் திறந்திருக்கவே முடியாது. அவருடையது மலிவான ஒரு தொலைபேசி.

வேலை முடிந்ததும் மூன்றையும் ஒன்றாக வைக்கிறேன்: மூல வேர்ட் கோப்பு, அதற்குரிய பாமினி எழுத்துரு, புதிய யூடிஎஃப்-8 உரை. எது சந்தேகமானாலும் மூலத்தைப் பார்த்துத் தீர்க்கலாம். எழுத்துரு இல்லாத மூலக் கோப்பு அரைக் கோப்புத்தான்.

உங்கள் ஊர்ப் பாடசாலையின், கோயிலின், சங்கத்தின் பழைய மலர்கள் எந்தக் கணினியில் இருக்கின்றன என்று இந்த மாதமே விசாரியுங்கள். அந்தக் கணினி பழுதாகுமுன் பென்டிரைவில் எடுத்து, மாற்றி, ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். 2005இலிருந்து ஈழத்து எழுத்துகளை எண்ணிம நூலகமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடித்தவரும் எழுதியவரும் பக்கத்தில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.